பழைய பொருட்கள், பழைய வண்டிகள் சீரமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடக்கும் தையல் மெஷினிலிருந்து ஊருக்கே சொந்தமான தீயணைப்பு வண்டி வரை, பழசை மறுபடி எழுப்பி நிறுத்த நினைப்பவர்கள் எங்கள் சீரமைப்புப் பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சிலவற்றுக்குப் பதில் ஒரு வரி. சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பழைய பொருள் ஒன்று இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தொடாமல் இருப்பதிலிருந்து. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐம்பது அறுபது வருடம் செய்த சேதத்தைவிட, போன வாரம் யாரோ ஆர்வக் கோளாறில் செய்த சேதம்தான் பெரும்பாலும் எங்களைப் படுத்தி எடுக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எழுத்தே போன பெயர்த் தகடு, சூப்பர் க்ளூ ஊற்றிய பீங்கான், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் தலை மழுங்கிப்போன ஸ்க்ரூ என்று வகை வகையாக வரும்.

முதலில் நாலா பக்கமும் படம் எடுங்கள், அடிப்பக்கம் உட்பட. உடைந்து விழுந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். அந்தப் பொருளைப் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்யுங்கள்: வேலை முடிந்த பிறகு அதை என்ன செய்யப் போகிறீர்கள்? பார்க்கவா, பயன்படுத்தவா, ஓட்டவா? மீதி எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும். சுவரில் நின்றபடி இருக்கப் போகும் கடிகாரத்துக்குத் தூசி தட்டி, துருவை நிறுத்தினால் போதும். தினமும் ஓட வேண்டும் என்றால் பிரித்துக் கழுவி, தேய்ந்த ஓட்டைகளுக்குப் புஷ் (சின்ன உலோக வளையம்) அடித்து, எண்ணெய் விட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒரே கடிகாரம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை. இந்த முடிவை எடுக்காமல் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் எங்களால் பதில் சொல்ல முடியாது.

புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கித் தருவீர்களா?

தருவோம். ஆனால் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் தொடங்குவோம்.

அசல் பெயிண்ட் ஒருமுறைதான் அசலாக இருக்க முடியும். சுரண்டி எடுத்துவிட்டால் அதே நிறத்தில் எத்தனை கோட்டிங் அடித்தாலும் அது வேறு பெயிண்ட்தான். ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறது. ஓட்டிய பிள்ளைகள் எல்லோரும் பிடித்த இடம் அது. அதை மூடிவிட்டால் கடையில் வாங்கிய புது சைக்கிளுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் தேடி வந்தது அந்தத் தேய்மானத்தைத்தான் என்றால், அழுக்கை மட்டும் எடுத்து, துரு பரவாமல் மெழுகு பூசிக் கொடுப்போம். அருங்காட்சியகங்களில் இதற்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைப் பயன்படுத்துகிறார்கள். லேசாகப் பூசித் துணியால் துடைத்தால் காற்றும் ஈரமும் சுலபத்தில் உள்ளே போகாது. வேண்டாம் என்றால் பிறகு எடுத்துவிடவும் முடியும்.

மறுபடி பிள்ளைகள் ஓட்டப் போகிறார்கள் என்றால் கதை வேறு. அங்கே தளர்ந்த வெல்டிங்கும் கூரான விளிம்பும்தான் முக்கியம். நினைவு இரண்டாவது.

பாதுகாப்பது, பழுது பார்ப்பது, சீரமைப்பது எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இருப்பது மேலும் கெடாமல் நிறுத்துவது பாதுகாப்பு. வேலை செய்ய வைப்பது பழுது பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்ததோ அப்படிக் கொண்டுவருவது சீரமைப்பு. பழைய வண்டிகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனத்தில் இந்த வேறுபாட்டை எழுதியே வைத்திருக்கிறது. செய்த மாற்றம் பிறகு பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்கள் பட்டறையில் புதிதாகச் செய்து போடும் பாகத்தின் உட்பக்கம் வருடத்தைப் பொறித்துவிடுவோம். வெளியே தெரியாது. அடுத்துப் பிரிப்பவர் ஏமாறவும் மாட்டார்.

துருவை எப்படி எடுப்பது?

முதலில் பயப்படாதீர்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பிப் பெருகும். அதனால் பார்க்க எல்லாமே போய்விட்டது போல இருக்கும். உள்ளே கட்டியாக இரும்பு இருப்பதுதான் வழக்கம்.

கைக்கு அடக்கமான இரும்புப் பாகத்துக்கு நாங்கள் அதிகம் நம்புவது சலவை சோடாத் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவை சோடா, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் வயர் துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் வயர் வேண்டாத இரும்புத் தகட்டில். மின்சாரம் ஓட ஓட, பாகத்தின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் எழும்பும். சில மணி நேரத்தில் தண்ணீர் செம்மண் குட்டையாகிவிடும். எடுத்து நைலான் பிரஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து, அடியில் பட்டறைக்காரர் அடித்த எண் தெளிவாகத் தெரியும். நல்ல இரும்பைக் கொஞ்சமும் தின்னாது. உப்புத்தாளில் தேய்த்திருந்தால் துருவோடு அந்த எண்ணும் போயிருக்கும்.

எச்சரிக்கைகள் உண்டு. வெளிவரும் வாயு ஹைட்ரஜன், எனவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. வயரை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பொக்கிஷம்தான் கரையும். பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கலந்துவிடும். அலுமினியத்தை இந்தத் தண்ணீரில் போட்டால் அரித்துவிடும். ஸ்பிரிங் மாதிரி கடினமான எஃகை இதிலும் சரி, ஆசிடிலும் சரி, போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே நன்றாக இருப்பது போலத் தெரிந்து, பாரம் ஏறியதும் படக்கென்று முறியும்.

தொட்டியில் போட முடியாத பெரிய சாமானுக்கு டானிக் அமிலம் பூசலாம். துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறி அங்கேயே நின்றுவிடும். எந்த வழியில் எடுத்தாலும் உடனே காய வைத்து எண்ணெயோ மெழுகோ பிரைமரோ போட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் மேலே மஞ்சள் பூத்திருக்கும்.

வெள்ளி, பித்தளை?

குறைவாகத் தேய்ப்பதே நல்லது. ஒவ்வொரு பாலிஷும் கொஞ்சம் உலோகத்தைக் கொண்டுபோகும். பதக்கங்களில் பொறித்த பெயர் மங்குவது காலத்தால் அல்ல, வருடா வருடம் பாசமாகத் தேய்த்ததால். முலாம் பூசிய பொருள் என்றால் இன்னும் மோசம், முலாமே போய்விடும். பழைய நாணயத்தைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

மரச் சாமான் ஆடுகிறது. பசை போட்டு ஒட்டிவிடலாமா?

என்ன பசை என்பதுதான் விஷயம். பழைய நாற்காலி, மேசையின் இணைப்புகள் பெரும்பாலும் வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டப்பட்டவை. சூடும் ஈரமும் கொடுத்தால் இளகிவிடும். பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே புது வஜ்ஜிரம் பிடிக்கும். அதனால்தான் ஒரு நாற்காலியை நூறு வருடத்தில் பலமுறை பிரித்துக் கோக்க முடிந்தது. அங்கே எபாக்சி ஊற்றினால் இணைப்பு கல் மாதிரி நிற்கும், உண்மைதான். அடுத்த முறை அழுத்தம் வரும்போது இணைப்பு விடாது, பக்கத்து மரம் பிளக்கும்.

மேல்பூச்சு எது என்று தெரிய, கண்ணில் படாத ஓரத்தில் பஞ்சில் துளி ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுவென்று கரைந்தால் அவலரக்கு (ஷெல்லாக்) பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டியதில்லை, ஸ்பிரிட்டைக் கொண்டே பல கீறல்களை அதற்குள்ளேயே கரைத்து மூடலாம்.

ஓட்டைகள் இருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கறுப்புத் தாளை அடியில் விரித்துச் சில வாரம் விடுங்கள். புது மாவு உதிர்ந்திருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. சின்ன, பெயிண்ட் இல்லாத மரச் சாமான் என்றால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி, முட்டை இரண்டும் சாகும். தந்தம், சிப்பி, வண்ண வேலைப்பாடு இருப்பதை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

தையல் மெஷின் அசையவே மாட்டேன் என்கிறது. போச்சா?

பெரும்பாலும் இல்லை. பழைய எண்ணெய் காய்ந்து பழுப்பு நிற வார்னிஷாகிப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அசையும் இடம் ஒவ்வொன்றிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் விட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மறுபடி சொட்டு, மறுபடி ஆட்டு. திடீரென்று ஒரு கணத்தில் சக்கரம் கையை விட்டு முழு வட்டம் ஓடும். வேகமாகத் திருப்பினால் ஏதாவது முறியும், பொறுமையே வழி. சமையல் எண்ணெய் விட்டால் மறுபடி அதே வார்னிஷ்தான்.

கறுப்பு உடம்பில் இருக்கும் தங்க நிறப் பூவேலையை ஸ்பிரிட்டோ கண்ணாடி துடைக்கும் திரவமோ தொட்டுத் துடைக்காதீர்கள். மேலே இருப்பது பல மெஷின்களில் அரக்குப் பூச்சு. துணியில் தங்கம் வரும், மெஷினில் இருக்காது. அங்கேயும் தையல் எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

இதோடு சேர்த்து வரும் இன்னொரு கேள்வி: "சாவி அதிகமாகக் கொடுத்துவிட்டேன், கடிகாரம் நின்றுவிட்டது." சாவி கடைசி வரை முறுக்கியதால் கடிகாரம் நிற்பதில்லை. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். முறுக்கிய ஸ்பிரிங்கோடு நீங்களே பிரிக்க மட்டும் வேண்டாம். விரலைக் கிழித்துவிடும்.

பழைய வால்வு ரேடியோவைப் பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்தும் ஈரம் ஏறியும் கசியும் நிலையில் இருக்கும். நேரே மின்சாரம் கொடுத்தால் அவற்றோடு டிரான்ஸ்பார்மரும் போகலாம். கெப்பாசிட்டர்களை மாற்றிய பிறகும் முதல்முறை ஒரு குண்டு பல்பைத் தொடரில் கோத்துத்தான் மின்சாரம் கொடுப்போம். பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கலாக நின்றால் மூச்சு விடலாம். சில ரேடியோக்களில் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் ஓடும் என்பதையும் மறக்காதீர்கள்.

பல வருடம் நின்ற வண்டி. ஒரு கிக் அடித்துப் பார்க்கலாமா?

எல்லோருக்கும் வரும் ஆசை. அடக்கிக்கொள்ளுங்கள். நிற்கும்போது சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்து போய், பிஸ்டன் ரிங்குகள் லேசாகத் துருவோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் பலமாக உதைத்தாலோ, ஸ்டார்ட்டரைப் போட்டாலோ ரிங் முறியும், சிலிண்டரில் கோடு விழும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இன்ஜின் ஆயிலை வடித்து மாற்றுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பெட்ரோல் வாசனை இருக்காது, பெயிண்ட் டின் போல ஒரு புளித்த நெடி வரும். அது கார்புரேட்டரின் நுண்ணிய ஜெட்களில் பிசினாகப் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுத்திருக்கும். குழாய்களை மாற்றிவிடுவதே நல்லது. தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

இன்ஜின் ஓடும் சந்தோஷத்தில் பிரேக்கை மறப்பவர்கள் அதிகம். எங்களைக் கேட்டால் ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் சிலிண்டர்களை உள்ளிருந்து அரித்திருக்கும், ரப்பர் வாஷர்கள் உப்பியிருக்கும். மிதித்தால் முதல்முறை பிடிக்கும், இரண்டாவது முறை பெடல் தரைக்குப் போகும். டயரில் பட்டன் இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் "டாட்" (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2308 என்றால் 2008-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தைய டயர். காட்சிக்கு வைக்கலாம், சாலைக்கு ஆகாது.

டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்கப் போகாதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே நிற்பது ஆவி.

பாகங்கள் கிடைக்கவில்லை என்றால்?

செய்வோம். லேத், வார்ப்பு, தேவைப்பட்டால் முப்பரிமாண ஸ்கேன். வார்ப்பில் ஒரு நுணுக்கம்: உடைந்த பாகத்தையே அச்சாக வைத்து மணலில் பதித்து வார்த்தால் புதுப் பாகம் சின்னதாகிவிடும், ஏனென்றால் உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய 1 சதவீதம், அலுமினியத்துக்கு அதைவிடச் சற்று அதிகம். அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் போல்ட் மரைதான் பலரைக் குழப்பும். ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் இன்ஜின் பாடியில் உள்ள மரை போய்விடும். ஸ்பானரும் வேறு. விட்வொர்த் ஸ்பானரில் எழுதியிருப்பது போல்ட் தலையின் அளவல்ல, தண்டின் அளவு. பெட்டி நிறைய ஸ்பானர் இருந்தும் ஒன்றும் பொருந்தவில்லை என்றால் காரணம் இதுதான்.

பாதிக்கு மேல் புதுப் பாகம் என்றால் அது பழைய வண்டிதானா?

இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கோடு கிடையாது. நாங்கள் பார்ப்பது நேர்மையை. என்ன மாற்றினோம் என்ற பட்டியலும் படங்களும் வண்டியோடு போக வேண்டும். இன்ஜின் எண், சேசிஸ் எண்ணை மறுபடி அடிக்கும் வேலையை எவ்வளவு கெஞ்சினாலும் செய்ய மாட்டோம்.

சில சமயம் அசலைத் தொடாமல் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்வதே மரியாதை. ஸ்டீபன்சனின் 1829-ஆம் ஆண்டு ராக்கெட் ரயில் இன்ஜின் அடிபட்டு, மாற்றப்பட்டு, எஞ்சியபடியே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓடிக் காட்டுவதற்கென்று 1979-இல் தனியாக ஒரு மாதிரி செய்தார்கள். பிரிட்டனில் டொர்னேடோ என்ற நீராவி இன்ஜினின் கதை இன்னும் வேடிக்கை. அந்த வகையில் இருந்த 49 இன்ஜின்களும் பழைய இரும்புக்குப் போய்விட, ஆர்வலர்கள் பணம் திரட்டி ஐம்பதாவதைப் புதிதாகவே கட்டி 2008-இல் ஓட்டினார்கள். அதைப் பழையது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் யாருக்கும் குறையுமில்லை.

பழைய பொருட்களில் ஆபத்து ஏதும் உண்டா?

உண்டு. இருட்டில் ஒளிரும் பழைய கடிகாரம், மீட்டர்களின் முகப்பில் ரேடியம் இருக்கலாம். இப்போது ஒளிரவில்லையே என்று நினைக்காதீர்கள். ஒளிரும் பொடிதான் செத்திருக்கும், ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். கண்ணாடியைத் திறக்கவோ, முகப்பைச் சுரண்டவோ கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும். பழைய பிரேக் ஷூ, கிளட்ச், பாய்லர் மேல் சுற்றிய பட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதனால் பிரேக் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைப் புத்தகங்கள் சிலவற்றில் ஆர்செனிக் கலந்த சாயம் உண்டு. கையுறை போடுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊருக்குச் சொந்தமான பழைய தீயணைப்பு வண்டி (மணி, கோபுரக் கடிகாரம், பஸ்) இருக்கிறது. ஊர் கூடி எடுத்துச் செய்ய முடியுமா?

முடியும். இந்த வகை வேலையில் இயந்திரத்தைவிட மனிதர்கள்தான் அதிக நேரம் எடுப்பார்கள், அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலில் அது யாருக்குச் சொந்தம் என்று எழுத்தில் வேண்டும். "ஊருக்குத்தான்" என்பது பதிலல்ல. எந்த அமைப்பின் பெயரில், யார் கையெழுத்துப் போடுவார், நாளைக்கு அமைப்பு கலைந்தால் யாருக்குப் போகும் என்பது வரை. பாதி வேலையில் உரிமைச் சண்டை வந்தால் வண்டி பிரித்த நிலையிலேயே கிடக்கும், பிரித்த வண்டிக்குப் பாகம் பாகமாகக் கால் முளைக்கும்.

இரண்டாவது, கூரை. நன்கொடை கொஞ்சம் சேர்ந்ததும் பெயிண்ட் அடிக்க ஓடுகிறார்கள். முதல் பணம் நல்ல ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். ஒழுகாத கூரையும் காற்றோட்டமும் இருந்தால் பணம் சேரும் வரை வண்டி காத்திருக்கும். திறந்த வெளியில் நின்றால் அடித்த பெயிண்டும் சேர்ந்து உதிரும். ஓடத் தொடங்கிய பிறகு இன்சூரன்ஸ், டயர், ஓட்டத் தெரிந்த ஆள், வருடாந்திரப் பரிசோதனை என்று செலவு நிற்காது. நீராவி பாய்லர் என்றால் தகுதியுள்ள ஆய்வாளரின் சான்று இல்லாமல் நெருப்பு மூட்டவே கூடாது.

மூன்றாவது, நினைவுகளின் தகராறு. ஒரு தீயணைப்பு வண்டி வேலையில் இரண்டு தரப்பு வந்தார்கள். வண்டி எப்போதும் சிவப்பு என்றது ஒரு தரப்பு. இல்லை, கருஞ்சிவப்பில் மஞ்சள் கோடு என்றது இன்னொன்று. குரல் உயர்ந்தது. கதவின் கீழ் ஓரத்தில் மிக நைசான நீர் எமரியால் ஒரே இடத்தில் வட்டமாகத் தேய்த்தோம். மேலே சிவப்பு, அதற்குள் சின்ன வளையமாகச் சாம்பல் பிரைமர், அதற்குள் கருஞ்சிவப்பு, நடுவில் ஒரு மஞ்சள் கீற்று, கடைசியில் தகடு. இரண்டு தரப்பும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை, வேறு வேறு வருடங்களில். எந்தக் காலத்துக்குக் கொண்டுபோவது என்பதை அதன் பிறகுதான் நிதானமாகப் பேச முடிந்தது. அந்த வட்டத்தை மூடாமல் அப்படியே வார்னிஷ் போட்டு விட்டோம். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அங்கேதான் குனிகிறார்கள்.

மணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருப்பது வெள்ளீயம், ஈயம் அல்ல. அதனால்தான் அந்த நாதம், அதனால்தான் எளிதில் விரிசலும் விடும். சாதாரண வெல்டிங் வைத்தால் விரிசல் இன்னும் ஓடும். நாக்கு அடிக்கும் இடம் குழிந்து போயிருந்தால் மணியைக் கால்வட்டம் திருப்பித் தொங்கவிட்டாலே புது இடத்தில் அடிபடும், மணி இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். மணலை வீசிச் சுத்தம் செய்வது மட்டும் வேண்டாம்.

தொண்டர்களுக்கு வேலை கொடுக்கும்போது கழற்றும் வேலையை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். கழற்றுவதற்குத்தான் எல்லோரும் வருவார்கள், மாட்டுவதற்கு நாலு பேர் இருப்பார்கள். ஒவ்வொரு நட்டும் எந்த டப்பாவில், எந்தப் பெயர்ச் சீட்டோடு இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அவர்தான் அந்தத் திட்டத்தைக் காப்பாற்றுவார்.

சின்னப் பழுதுதான். அதற்கும் பட்டறைக்கு வர வேண்டுமா?

வேண்டாம். மார்டினா போஸ்ட்மா 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பழுது பார்க்கும் சந்திப்புகள் (ரிப்பேர் கஃபே) இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. தெரிந்தவர்கள் கூடவே உட்கார்ந்து உங்களையே செய்ய வைப்பார்கள். அறுந்த வயர், கழன்ற கைப்பிடி, கிழிந்த துணிக்கெல்லாம் அது போதும்.

இறந்துபோன அப்பாவின் பொருள் இது. அவர் ஏற்கெனவே ஏதோ ஒட்டுப் போட்டிருக்கிறார், அசிங்கமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். டூல்ஸ் பெட்டியின் கைப்பிடிக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றி, மேலே செம்புக் கம்பியால் இறுக்கி, நுனியை உள்ளே மடித்துவிட்டிருப்பார். கையைக் கிழிக்கக் கூடாதே என்று மடித்தது அது. தொழில்காரர் கண்ணுக்கு அது தப்பான வேலை. ஆனால் அவர் கை அப்படியே இருக்கும் ஒரே இடமும் அதுதான். உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. உறுதியில்லை என்றால் அதற்கு அடியில், தெரியாமல், பாரத்தைத் தாங்க வேறு ஏற்பாடு செய்ய முடியும்.

கைக்கடிகாரத்தின் பின்மூடிக்குள் ஊசியால் கீறிய சின்ன எழுத்துகளும் எண்களும் இருக்கும். முன்பு பழுது பார்த்தவர்களின் குறிப்புகள் அவை. அவற்றையும் பாலிஷ் போட்டு அழிக்க மாட்டோம். இருக்கைக்கு அடியிலோ டிராயருக்குப் பின்னாலோ கிடைக்கும் பேருந்துச் சீட்டு, ஹேர்பின், பொத்தான் எல்லாம் ஒரு கவரில் போட்டு உங்களிடமே வரும். குப்பை எது, இல்லாதது எது என்று முடிவு செய்வது எங்கள் வேலையல்ல.

சீரமைத்தால் விலை கூடுமா?

பெரும்பாலும் செலவழித்ததே திரும்பி வராது. தொடாத நிலையில் இருக்கும் பொருளுக்குத்தான் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுக்கிறார்கள். விற்க நினைத்தால் விற்றுவிட்டு வாருங்கள், சீரமைத்து விற்க வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும்?

பிரித்துப் பார்க்காமல் நாள் சொல்பவரை நம்பாதீர்கள், எங்களையும் சேர்த்து. பிரித்த பிறகு எழுத்தில் சொல்வோம்.

வேலையை மறுத்ததுண்டா?

உண்டு. தொட்டால் உதிரும் பொருள், எங்களைவிடத் தெரிந்தவர் வேறு இடத்தில் இருக்கும் பொருள், குடும்பத்தில் ஒருவர் வேண்டும் என்றும் இன்னொருவர் வேண்டாம் என்றும் சொல்லும் பொருள். கடைசி வகையை வீட்டில் பேசி முடித்துவிட்டு எடுத்து வாருங்கள்.

மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா?

எல்லாவற்றையும், பெயர் எழுதிய கவர்களில். தூக்கிப் போடாதீர்கள். இப்போது எங்களால் முடியாத ஒன்றை நாளைக்கு வேறு யாராவது அந்த உடைந்த துண்டை வைத்துத்தான் செய்வார்கள்.

கொண்டு வருவதற்கு முன் சுத்தம் செய்து வரட்டுமா?

வேண்டாம். தூசியோடு, ஒட்டடையோடு அப்படியே கொண்டு வாருங்கள். எண்ணெய் எங்கே கசிந்தது, தண்ணீர் எந்த வழியாகப் போனது என்பதெல்லாம் அந்த அழுக்கில்தான் தெரியும். கழன்று தொங்கும் பாகத்தை டேப் போட்டு ஒட்டாதீர்கள், டேப்போடு பெயிண்டும் வந்துவிடும். பழைய பருத்தித் துணியால் கட்டினால் போதும்.